முகூர்த்தப் புடவையில் ஒரு படம்

சென்னை
12.6.1999

அன்புள்ள கலைமகளுக்கு,

நீங்கள் அனுப்பிய ஃபிலிம் ரோலைக் கழுவிப் பிரதி எடுத்துப் பார்த்தேன். முப்பத்தாறு படம். முப்பத்தாறிலும் மகளிர் குழுப் பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். உயரமானவர்கள் பின்னால், குட்டையானவர்கள் முன்னால், நடுவில் நாற்காலி போட்டு வங்கி மேலாளர். ஒரு முகமாவது விரல் நகத்தைவிடப் பெரிதாக இல்லை. இருபத்தொன்றாம் படத்தில் பாதிக்கு மேல் சுவர்.

நான் பதினேழு வருடம் வாரப் பத்திரிகையில் படம் தேர்ந்தெடுத்தவன். நம் அறக்கட்டளையின் செய்தித் தொடர்புப் பொறுப்புக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. நமக்கு உதவுகிறவர்கள் இந்தப் பெண்களை ஒருநாளும் நேரில் பார்க்கப்போவதில்லை. படத்தைத்தான் பார்க்கப்போகிறார்கள். அதனால் சொல்கிறேன்.

கிட்டே போங்கள். உங்களுக்கே கூச்சமாக இருக்கும் அளவுக்குக் கிட்டே. ஒரு படத்துக்கு ஒரு ஆள் போதும். வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கட்டும். கேமராவைப் பார்க்கச் சொல்லாதீர்கள், வேலை செய்கிறபோது எடுங்கள். முக்கியமாக, படம் எடுக்கப்போவதை முன்கூட்டிச் சொல்லாதீர்கள். சொன்னால் எல்லோரும் தலை வாரிப் பூ வைத்துக்கொண்டு வந்துவிடுகிறார்கள். உதவி தேவைப்படுகிறவர்களாகவே தெரியவில்லை.

அடுத்த ரோலை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

சக்கரவர்த்தி


ஆரணி
21.6.1999

மதிப்பிற்குரிய சக்கரவர்த்தி சார் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை கோபம் வந்தது. இரண்டாம் தடவையாவது வராது என்று பார்த்தேன், அப்போதும் வந்தது. அதனால் எழுதிவிடுகிறேன்.

வெயில் விஷயம் நீங்கள் சொன்னது சரி. இருபத்தொன்றாம் படமும் என் தப்புதான், மாடு முட்ட வந்தது. மற்றதெல்லாம் ஒப்புக்கொள்ள முடியாது.

சொல்லாமல் எடு என்கிறீர்கள். நாளைக்கு நான் மெட்ராஸ் வந்து, கதவைத் தட்டாமல் உங்கள் வீட்டுக்குள் நுழைந்து, நீங்கள் லுங்கியோடு பல் விளக்குகிறபோது ஒரு படம் எடுத்து ஆண்டு மலரில் போட்டால் சும்மா இருப்பீர்களா? இங்கே நெசவாளர் தெருவில் என்னை வீட்டுக்குள் வா என்று கூப்பிட ஒன்றரை வருஷம் ஆனது. நான் அந்தத் தெருப் பெண் இல்லை. களம்பூர்க்காரி, ரைஸ் மில்லில் மூட்டை தூக்கின ராமதாஸ் மகள். ஒருதரம் திருட்டுத்தனமாகப் படம் எடுத்தேன் என்றால் திரும்பவும் வாசலோடு நிற்க வேண்டியதுதான்.

பூ வைத்தவள் உதவி தேவைப்படுகிறவளாகத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். பூ வைத்தவளுக்குப் பசிக்காதா சார்? நான் எட்டாவது படிக்கும்போது பள்ளிக்கூடத்தில் இலவசச் சீருடை கொடுத்தார்கள். போட்டோக்காரர் என்னைத் தலையைக் குனிந்து கையை மட்டும் நீட்டச் சொன்னார். நான் நிமிர்ந்தே நின்றேன். நாலு தரம் சொல்லிப் பார்த்தார். ஐந்தாம் தரம் என்னைத் தள்ளிவிட்டு வேறு பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டார். அந்த மாதிரிப் படம்தான் வேண்டும் என்றால் நீங்களும் வேறு ஆளைக் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
ரா. கலைமகள்
களப்பணியாளர், ஆரணி


சென்னை
5.7.1999

அன்புள்ள கலைமகளுக்கு,

லுங்கி அல்ல, வேட்டி.

உங்கள் கடிதத்தைப் படித்ததும் பதில் எழுதினேன். கிழித்துப் போட்டேன். இது மூன்றாவது. பத்திரிகையில் இருந்தபோது குனிந்த தலைகளை நான் நிறையத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். அந்தத் தலைகளுக்குப் பெயர் கேட்டதாக ஞாபகம் இல்லை. இதற்குமேல் இதைப்பற்றி எழுத எனக்கு வரவில்லை.

சரி, சொல்லியே எடுங்கள். நிமிர்ந்தே நிற்கட்டும். ஆனால் கிட்டே நிற்கட்டும். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

இரண்டாயிரமாம் வருடக் காலண்டருக்கு ஆரணியிலிருந்து ஒரு நெசவாளியின் படம் வேண்டும். ஒரே ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுத்து ஒரு நாள் முழுக்க அவரோடு இருங்கள். முதல் பத்துப் படம் வீணாகும். ஆகட்டும், அதன்பிறகுதான் கேமரா இருப்பதை அவர் மறப்பார். தறி இருக்கும் இடம் இருட்டாக இருக்கும், ஆனாலும் ஃபிளாஷ் போடாதீர்கள். முகம் சுண்ணாம்பு அடித்ததுபோல் ஆகிவிடும். ஜன்னலோரத் தறியாகப் பாருங்கள். காலை ஒன்பது மணி வெளிச்சம் போதும்.

சக்கரவர்த்தி


ஆரணி
28.8.1999

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

ரோலை இத்துடன் ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பியிருக்கிறேன். நீங்கள் சொன்னபடி ஒரே பெண், ஒரு நாள் முழுக்க.

பெயர் ரேணுகாம்பாள். வயது நாற்பத்து மூன்று. வீட்டுக்காரர் இறந்து நாலு வருஷம் ஆகிறது. அவர் இருந்தவரை இரண்டு பேருமாக நெய்தார்கள், இப்போது தனியாக நெய்கிறார். தறி சொந்தம். பட்டு நூலும் ஜரிகையும் மாணிக்கவேல் முதலாளி கொடுப்பது. தறியில் நீளவாக்கில் ஓடும் நூலுக்குப் பாவு என்று பெயர், நாடா என்ற கட்டையை ஓட்டிக் குறுக்கே போடும் நூல் ஊடை. முதலாளி பாவு கொடுத்தால்தான் வேலை. கொடுக்காவிட்டால் தறி சும்மா கிடக்கும், வீட்டில் உலையும் வைக்க முடியாது. நெய்து முடித்த புடவையை அறுத்து, மடித்து, அப்படியே முதலாளி வீட்டில் கொடுத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக அக்கா முகூர்த்தப் புடவை நெய்கிறார். ஒன்றைக்கூடத் தன் தோளில் போட்டுப் பார்த்ததில்லை. அது இங்கே பெரிய குற்றம்.

நான் போய்க் கேட்டதும் அக்கா யோசிக்கவே இல்லை. ஒரு கண்டிஷன் போட்டார்.

"தறியில குந்திகினு, இந்தப் பழம்புடவையோட எத்தினி வேணா எடுத்துக்கோ. நான் வேணாம்னு சொல்ல மாட்டேன். ஆனா கடைசியில ஒண்ணு, நான் நெய்யுற புடவைய நான் கட்டிக்கினு எடுக்கணும். அது எனக்கு. உன் ஆபீசுக்கு இல்ல."

"முதலாளிக்குத் தெரிஞ்சா பேஜாராயிடும்கா" என்றேன்.

"கட்டிக்கினு ஊர்கோலமா போவப்போறேன்? இந்த நாலு செவுத்துக்குள்ள தானே" என்றார்.

அன்றைக்குத்தான் தறியிலிருந்து புடவையை அறுத்தார். அரக்கு உடல், அன்னமும் தாழம்பூவும் போட்ட பார்டர். ஒரு கல்யாண வீட்டுக்காரர்கள் தனியாகச் சொல்லிச் செய்யவைத்த பார்டர் என்பதால், அந்த டிசைனைத் துளைகளாகப் போட்டு வைத்த ஜக்கார்டு அட்டை ஊரிலேயே அக்கா தறியில் மட்டும்தான் இருக்கிறது. கதவைச் சாத்திவிட்டுக் கட்டிக்கொண்டார். பத்து நிமிஷம்கூட இல்லை. நான் மூன்று படம் எடுத்தேன். பிறகு மடிப்பு மாறாமல் மடித்து வைத்துவிட்டார்.

கழுவுகிற வேலையெல்லாம் சென்னையில்தான் என்பது அலுவலக விதி. இல்லாவிட்டால் இந்த மூன்றை உங்களுக்கு அனுப்பியிருக்கவே மாட்டேன். கடைசி மூன்றும், அதாவது முப்பத்து நாலு, ஐந்து, ஆறு, அச்சிட வேண்டாம். எனக்கே திருப்பி அனுப்புங்கள்.

ரா. கலைமகள்


சென்னை
10.9.1999

அன்புள்ள கலைமகளுக்கு,

இன்று காலை அலுவலகத்தில் நான் ஒரு வேலையும் செய்யவில்லை. முப்பத்தாறாவது படத்தை மேஜைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

தறிப் படங்கள் நன்றாகவே வந்திருக்கின்றன. கை, நாடா, ஜன்னல் வெளிச்சம், எல்லாம் நான் கேட்டபடி. ஆனால் அவற்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன், எல்லா நிறுவனத்தின் மலரிலும் அந்தக் கை இருக்கிறது. முப்பத்தாறாவதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. அந்த அம்மாள் நேராகப் பார்க்கிறார். சிரிக்கவில்லை. இந்தா, இதுதான் நான் என்பதுபோல நிற்கிறார். கேமராவைப் பார்க்கச் சொல்லாதீர்கள் என்று உங்களுக்கு எழுதியவன் நான். அதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

காலண்டரின் முகப்பில் இதைப் போட அனுமதி வேண்டும். காலண்டர் வெளிநாட்டு நன்கொடையாளர்களுக்கும் சென்னையில் உள்ளவர்களுக்கும்தான். ஆரணியில் யார் பார்க்கப்போகிறார்கள்?

சக்கரவர்த்தி


ஆரணி
17.9.1999

சார்,

முடியாது.

காரணம் போன கடிதத்திலேயே எழுதிவிட்டேன். முதலாளிக்குத் தெரிந்தால் பாவு நின்றுவிடும். அக்கா பிழைப்புப் போய்விடும். நீங்கள் ஆயிரம் சொன்னாலும் என் பதில் இதுதான். படம் நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒருத்தி சோற்றில் மண் போட முடியாது.

பிரதிகள் வந்தன. அக்காவிடம் கொடுத்தேன். அரிசிப் பானைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

ரா. கலைமகள்


சென்னை
15.12.1999

அன்புள்ள கலைமகளுக்கு,

இந்தக் கடிதத்தோடு காலண்டரின் ஒரே ஒரு பிரதியை அனுப்புகிறேன். வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரிவதைவிட நானே சொல்லிவிடுவது நல்லது.

முகப்பில் முப்பத்தாறாவது படம்தான். அக்டோபர் முழுக்க வேறு படங்களை வைத்துப் பார்த்தேன். உங்கள் தறிப் படத்தையே வைத்து அச்சகத்துக்கும் கொடுத்தேன். மறுநாள் போய் மாற்றிவிட்டு வந்தேன். யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. இத்தனை வருடமாக நான் தேடிய படம் ஒன்று கிடைத்தது, அதை அலமாரியில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. இது காரணம்தான், நியாயம் ஆகாது என்று எனக்கும் தெரிகிறது.

பெயர் போடவில்லை. "ஒரு நெசவாளியின் கனவு" என்று மட்டும் போட்டிருக்கிறேன். ஆரணிக்கு ஒரு பிரதியும் போகக் கூடாது என்று அனுப்புகிறவர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் திட்டி எழுதுவீர்கள். எழுதுங்கள்.

சக்கரவர்த்தி


ஆரணி
4.1.2000

திரு. சக்கரவர்த்தி அவர்களுக்கு,

ஆரணிக்கு ஒரு பிரதியும் போகாது என்று எழுதினீர்கள். உங்கள் அலுவலகத்தில் 'ஒத்துழைத்த வங்கிகள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது, அதில் எங்கள் ஊர்க் கிளையும் இருக்கிறது. டிசம்பர் இருபத்தெட்டாம் தேதியே காலண்டர் வந்துவிட்டது. மேலாளர் தன் நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருக்கிறார். டிராஃப்ட் எடுக்க வந்த மாணிக்கவேல் முதலாளி அதற்கு எதிரில் அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். முகத்தை அப்புறம்தான் பார்த்தாராம். முதலில் பார்டரைப் பார்த்தார்.

மறுநாள் காலை அவர் ஆள் காத்தவராயன் வந்து, தறியில் ஓடிக்கொண்டிருந்த பாவைப் பாதியில் அறுத்துச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான். ஜக்கார்டு அட்டையையும் கழற்றிக்கொண்டான். அவன் கீழே தள்ளிய நாடாவை அக்கா எடுத்துத் துடைத்து மேலே வைத்தார். தெருவே வாசலில் நின்று பார்த்தது.

உங்களுக்கு இன்னொன்று தெரியாது. அந்தப் புடவை கார்த்திகையில் ஒரு கல்யாணத்தில் மணப்பெண் கட்டியாகிவிட்டது. கட்டிப் பார்த்த புடவையைப் புதுசு என்று விற்றது ஒரு குற்றம். அதைக் கட்டியவள் தாலி அறுத்தவள் என்பது அதைவிடப் பெரிய குற்றம். கல்யாண வீட்டுக்குத் தெரிந்தால் என் வியாபாரம் நாஸ்தி என்று முதலாளி குதிக்கிறார். வேறு முதலாளிகளிடமும் சொல்லிவிட்டார். இனி இந்த ஊரில் ஒருத்தரும் அக்காவுக்குப் பாவு கொடுக்க மாட்டார்கள்.

ஒரே ஒரு வழிதான் வைத்திருக்கிறார். படத்தில் இருக்கிற புடவை தன் தறிப் புடவை இல்லை, ரேணுகாம்பாள் நெய்ததும் இல்லை என்று அக்காவும் நம் அலுவலகமும் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். கொடுத்தால் பழையபடி பாவு வருமாம்.

கனவு என்று போட்டிருக்கிறீர்கள். அது என்ன கனவு? அவர் நெய்த புடவை அது, இருபத்தேழு நாள் வேலை. நிஜமாக நெய்தார், நிஜமாகக் கட்டினார்.

நான் இப்போது அந்தத் தெருவில் நடந்தால் கதவைச் சாத்துகிறார்கள். என்னைச் சொல்லிக் குற்றமில்லை என்று நான் யாரிடமும் சொல்லப்போவதில்லை. ரோலை நம்பி அனுப்பியவள் நான்தானே.

ரா. கலைமகள்


சென்னை
9.1.2000

அன்புள்ள கலைமகளுக்கு,

அப்படி அழைக்கும் உரிமை எனக்கு இன்னும் இருக்கிறதா என்று தெரியவில்லை.

மன்னிப்பு என்று எழுதினால் பாவு திரும்பி வராது. அதனால் வேலையைப் பார்க்கிறேன். முதலாளி கேட்பதைக் கொடுத்துவிடலாம். அறக்கட்டளையின் தலைப்புத் தாளில் தட்டச்சு செய்து, நான் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன்.

"காலண்டர் முகப்பில் உள்ள படத்துக்காகச் சென்னையில் ஒரு கடையிலிருந்து புடவை வாடகைக்கு எடுக்கப்பட்டது. அந்தப் புடவை திருமதி ரேணுகாம்பாள் நெய்தது அல்ல. ஆரணியின் எந்தத் தறியோடும் அதற்குத் தொடர்பு இல்லை."

பொய்தான். ஆனால் யாருக்கும் தீங்கில்லாத பொய். கல்யாண வீட்டுக்கும் நிம்மதி, முதலாளிக்கும் மானம், அந்த அம்மாளுக்கும் வேலை. பொய் சொன்ன பாவம் என் கணக்கில் இருக்கட்டும். கீழே அவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருக்கிறேன். தாமதிக்காமல் வாங்கிக் கொடுத்துவிடுங்கள்.

சக்கரவர்த்தி


ஆரணி
17.1.2000

திரு. சக்கரவர்த்தி அவர்களுக்கு,

உங்கள் தாளைப் பொங்கலுக்கு முந்தின நாளே அக்காவிடம் கொண்டுபோனேன். நானும் கையெழுத்துப் போடச் சொல்லித்தான் கேட்டேன், அதை மறைக்க மாட்டேன். அந்த வீட்டில் இரண்டு வாரமாகத் தறிச் சத்தம் இல்லை. பொங்கலுக்கு அரிசி பக்கத்து வீட்டில் கேட்டு வாங்கியது.

அக்கா தாளை எழுத்துக் கூட்டித் தானே படித்தார். இரண்டாம் வரிக்கு வந்ததும் நிறுத்திவிட்டார்.

"நான் கட்டலன்னு எழுதிகினு வா, கையெழுத்துப் போடறேன். நிக்கலன்னு எழுது, அது நான் இல்ல, வேற எவளோன்னு எழுது, அதுக்கும் போடறேன். நெய்யலன்னு எப்படி எழுதுவேன்?"

"வேலை போயிடுச்சேக்கா" என்றேன்.

"நெய்யலன்னு எழுதிக் குடுத்துட்டு, அப்புறம் எந்தக் கையால நெய்யறது?" என்று கேட்டார்.

பிறகு அவரே சொன்னார்: "ஒவ்வொரு இழையும் என் கைபட்டுத்தான் புடவையாவுது. அப்போ ஆவாத தீட்டு, தோள்ல போட்டா மட்டும் ஆயிடுமா? இத்த அந்த முதலாளிகிட்டயே கேக்கறேன்."

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். நீங்கள் உண்மையிலேயே ஏதாவது செய்ய வேண்டும் என்றால், நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். வாடகைப் புடவை, கடை, தீங்கில்லாத பொய் எதுவும் வேண்டாம்.

ரா. கலைமகள்


சென்னை
22.1.2000

அன்புள்ள கலைமகளுக்கு,

நடந்ததை நடந்தபடி எழுதிக் கையெழுத்திட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். அச்சிட வேண்டாம் என்று நீங்கள் இரண்டு முறை எழுத்தில் சொன்னீர்கள், நான் கேட்கவில்லை. புடவையை நெய்தவர் ரேணுகாம்பாள், உடுத்தியதும் அவர், வெளியிட்டது நான். இதன் நகலை இயக்குநருக்கும் கொடுத்துவிட்டேன். எல்லாக் காலண்டரையும் திரும்ப வாங்கி எரித்துவிடலாம் என்று அவர் சொன்னார். அந்த அம்மாள் சொல்லாமல் அந்தப் படத்தை எரிக்க நான் கைகொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். வேலை இருக்குமா இருக்காதா என்பது திங்கட்கிழமை தெரியும். அதைப்பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

நானே நேரில் வந்து முதலாளியிடம் பேசட்டுமா?

சக்கரவர்த்தி


ஆரணி
6.2.2000

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

நீங்கள் வர வேண்டாம் என்று அக்காதான் சொன்னார். "எனக்காக ஒருத்தன் வந்து பேசறது இருக்கட்டும், நானே பேசி முடிக்கிறேன்." அதனால் ஜனவரி இருபத்தெட்டாம் தேதி வெள்ளிக்கிழமை நாங்கள் இரண்டு பேர் மட்டும் போனோம். வெள்ளிக்கிழமைதான் நெசவாளர்கள் புடவை கொண்டுவந்து கொடுக்கும் நாள். கூடத்தில் பன்னிரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி மனைவி லீலாம்மா இருந்தார். பொங்கலுக்கு வந்த மகள் சுபலட்சுமியும் இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள்.

முதலில் உங்கள் கடிதத்தைக் கொடுத்தேன். முதலாளி படித்துவிட்டுக் கீழே போட்டார். "இவன் தப்புன்னு ஒத்துக்கினா எனக்கு இன்னா? நான் கேட்டது வேற" என்றார்.

அக்கா உட்காரவில்லை. நின்றபடியே பேசினார். "நான்தாங்க நெய்தேன். நான்தான் கட்டினேன். பத்து நிமிஷம். மடிப்பு மாறாம மடிச்சிக் குடுத்தேன். எந்த எடத்துல ஊடை அறுந்து முடிச்சுப் போட்டேன்னு இப்போ கேட்டாலும் சொல்லுவேன்."

லீலாம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "தாலியறுத்தவ உடம்புல பட்ட புடவைய ஒரு பொண்ணு கட்டிக்கினு மணையில குந்தியிருக்காளே, அவ நல்லா இருப்பாளா? என் பொண்ணுக்கு இப்படி நடந்திருந்தா நான் உன்ன சும்மா விடுவனா?" என்று கேட்டார்.

அக்கா சுபலட்சுமியைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்துச் சொன்னார். "நீங்களே சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

முதலாளி தலையைத் திருப்பிக்கொண்டார். அக்காவே சொன்னார். நாலு வருஷத்துக்கு முன் அவர் வீட்டுக்காரர் இறந்தபோது தறியில் பாதியில் நின்றது சுபலட்சுமியின் முகூர்த்தப் புடவை. நாலாம் நாள் முதலாளி வந்தாராம். கல்யாணம் நெருங்கிவிட்டது, ஜல்தியா முடித்துக் கொடு, வெளியே மூச்சு விடாதே என்றாராம். கருமாதிக்கு முன்னாலேயே, கதவைச் சாத்திக்கொண்டு, அக்கா தனியாக நெய்து முடித்தார். ஒரு ஆளிடமும் இதுவரை சொன்னதில்லை.

"அப்போ எனக்கு இருந்த தீட்டு இப்போ இருக்கறதவிட பத்து பங்கு. அழுதுகினே நெய்தேன். கண்ணத் தொடச்ச கையாலதான் ஊடை போட்டேன். உங்க பொண்ணு நல்லாத்தானேங்க இருக்குது? ரெண்டு புள்ள பெத்து நல்லாத்தானே இருக்குது? அப்போ அந்தப் பொண்ணும் நல்லா இருக்கும்."

லீலாம்மா கணவரையே பார்த்துக்கொண்டிருந்தார், அவருக்கும் இது புதுச் செய்தி. சுபலட்சுமி குழந்தையை அம்மாவிடம் கொடுத்துவிட்டு அக்கா பக்கத்தில் வந்து நின்றாள். "அந்தப் புடவையத்தான் நான் வருஷா வருஷம் கல்யாண நாளுக்குக் கட்டறேன். இனிமேலும் கட்டுவேன்" என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். சத்தம் போட்டுச் சொல்லவில்லை, ஆனால் எல்லோருக்கும் கேட்டது. முதலாளி எழுந்து உள்ளே போய்விட்டார்.

சனிக்கிழமை காத்தவராயன் பாவு கொண்டுவந்தான். சாதாரணப் பார்டருக்கான பாவு, ஜக்கார்டு அட்டை இல்லை. அக்கா வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். "எந்த அட்டையக் கழட்டிகினு போனியோ அத்தோட வா" என்றார். கிடைத்ததை வாங்கிக்கொள்ளுங்களேன் என்று கெஞ்சினேன். கேட்கவில்லை. மூன்று நாள் தறி சும்மா கிடந்தது. புதன்கிழமை காலையில் அட்டையும் பாவும் சேர்ந்து வந்தன. நான் இதை எழுதுகிறபோது தறி ஓடிக்கொண்டிருக்கிறது.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டமானது. எல்லாம் முடிந்தபிறகு அக்காவிடம் உங்களைப் பற்றித் திட்டிக்கொண்டிருந்தேன். நான் வேண்டாம் என்று அவ்வளவு சொல்லியும் போட்டுவிட்டார் என்றேன்.

"அவரு உன்னக் கேட்டாரா?"

"கேட்டாருக்கா, செப்டம்பர்லயே கேட்டாரு. நான் முடியாதுன்னு எழுதிட்டேன்."

"என்ன எப்போ கேட்ட?"

நான் கேட்கவே இல்லை சார். உங்கள் கடிதம் வந்த விஷயத்தையே அவரிடம் சொல்லவில்லை. அவர் நல்லதுக்குத்தான் என்று நானே முடிவுசெய்து, நானே எழுதிப் போட்டுவிட்டேன்.

அக்கா தறியை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "மூஞ்சி என்னுது. புடவை நான் நெய்தது. போடுன்னு சொல்லியிருப்பனோ, வேணாம்னு சொல்லியிருப்பனோ, அத்த நான்ல சொல்லணும்? அவரு போட்டுட்டாரு, நீ மறைச்சிட்ட. ரெண்டு பேரும் ஒண்ணுதான்."

சீருடை வாங்கின அன்றைக்கு நிமிர்ந்து நின்ற கதையை உங்களிடம் எவ்வளவு பெருமையாக எழுதினேன். வெட்கமாக இருக்கிறது.

நேற்று உங்கள் செப்டம்பர் மாதக் கடிதத்தை எடுத்துக்கொண்டுபோய், அக்கா எதிரில் உட்கார்ந்து முழுக்கப் படித்துக் காட்டினேன். காலண்டரை எரிக்க வேண்டாம், எல்லாம் இருக்கட்டும் என்று சொல்லச் சொன்னார். பெயர் போடாததுதான் அவருக்குக் கோபம். இருக்கிற பிரதிகளில் "கனவு" என்ற இடத்தில் தாள் ஒட்டி, "ரேணுகாம்பாள், புடவையை நெய்தவர்" என்று அச்சடிக்கச் சொன்னார். வங்கிக்குப் போனதில் நானே ஒட்டிக்கொள்கிறேன், அதற்கும் சேர்த்துத் தாள் அனுப்புங்கள். அந்தத் திங்கட்கிழமை உங்கள் வேலை என்ன ஆயிற்று என்றும் எழுதுங்கள். அக்கா கேட்டார், நானும் கேட்கிறேன்.

இந்தக் கடிதத்தையும் தபாலில் போடுவதற்கு முன் அவரிடம் படித்துக் காட்டினேன். ஒரு இடத்தில் நிறுத்தச் சொன்னார். முதலாளி வீட்டிலிருந்து திரும்பி வரும் வழியில் அக்கா அழுதார் என்று எழுதியிருந்தேன். "நான் எங்க அழுதேன்? எடு அத்த" என்றார். எடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
ரா. கலைமகள்